தினசரி காலண்டர் 2025: ஒரு வருடம் கிழித்துப் பார்த்தபின்

போன டிசம்பரில் 140 ரூபாய் கொடுத்து ஒரு தினசரி காலண்டர் வாங்கினேன். காசு கொடுத்துக் காலண்டர் வாங்கியது எனக்கு அதுதான் முதல் தடவை. நகைக்கடை, மருந்துக்கடை என்று வருடா வருடம் யாராவது கொடுத்துவிடுவார்கள். எங்கள் அலுவலகத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் சிமென்ட் கடைக்காரர் கடையை மூடிவிட்டார். எங்கள் முதலாளி ஐயா பணத்தை எடுத்துக் கொடுத்து, "பெரிய எழுத்தா பாத்து வாங்கிட்டு வாம்மா" என்றார். காலண்டரில் இன்னும் பத்துப் பன்னிரண்டு தாள்தான் பாக்கி. அடுத்த வருடத்துக்கு வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் 23 வருடமாக டைப் செய்கிறேன். எங்கள் தொழிலில் காலண்டர் அலங்காரப் பொருள் அல்ல, தளவாடம். கம்ப்யூட்டர் இல்லாமல்கூட ஒரு நாள் ஓட்டிவிடலாம், சுவரில் காலண்டர் இல்லாமல் ஓட்ட முடியாது. உள்ளே வரும் பார்ட்டி முதலில் பார்ப்பது ஐயாவின் முகத்தை அல்ல, அவர் தலைக்கு மேலே தொங்கும் தாளைத்தான். முகூர்த்த நாளில் கூட்டம் அதிகம் என்று பதிவுத்துறையே ஒத்துக்கொண்டுவிட்டது. ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100 டோக்கன் என்றால் அந்த நாட்களில் 150 கொடுக்கிறார்கள், இரண்டு பேர் உள்ள இடத்தில் 200 என்பது 300 ஆகிறது. ஆடி மாதம் முழுக்க ஈ ஓட்டுவோம், ஆடிப் பெருக்கு அன்று மட்டும் சாப்பிட நேரம் இருக்காது.

முதலில் பொருளைப் பற்றி. அட்டை கனமானது, மேலே முருகன் படம், நிறம் இன்னும் மங்கவில்லை. எழுத்து பெரியது, எனக்குக் கண்ணாடி இல்லாமலேயே தேதி தெரியும். ராசிபலனுக்குத்தான் கண்ணாடி வேண்டும். தாள் மட்டம். நம் கை ஈரமாக இருந்தால் நாளைக்கும் சேர்த்துக் கிழிந்துவிடும். இது சின்னக் குறை என்றுதான் நானும் நினைத்தேன், ஜூன் மாதம் வரை. தாளின் பின்பக்கம் வெந்தயத்தின் பயன், பழமொழி, கோலம் எல்லாம் உண்டு. நான் அதில் கணக்குதான் போடுவேன்.

ஒரு தாளில் எவ்வளவு இருக்கிறது என்று வெளியூர்க்காரர் யாருக்காவது விளக்கிப் பாருங்கள், அப்போதுதான் தெரியும். மூன்று விதத் தேதி, திதி, நட்சத்திரம், யோகம், ராகு காலம், எமகண்டம், குளிகை, நல்ல நேரம், கௌரி நல்ல நேரம், சூலம், அதற்குப் பரிகாரம், சந்திராஷ்டமம், மேல்நோக்கு நாளா கீழ்நோக்கு நாளா என்பது, கடைசியில் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கு ஒரு சொல். கிழக்கே சூலம் என்றால் தயிர் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், மேற்கே என்றால் வெல்லம். தடையைச் சொன்ன அதே வரியில் தப்பிக்கும் வழியையும் சொல்லிவிடுகிற இந்தக் குணம் எனக்குப் பிடிக்கும். அரசாங்கப் படிவத்தில் இது கிடையாது.

எங்கள் பார்ட்டிகளும் சளைத்தவர்கள் இல்லை. டோக்கன் ராகு காலத்தில் விழுந்துவிட்டதா? நல்ல நேரத்திலேயே வந்து, பத்திரத்தின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு கையெழுத்தைப் போட்டுவிடுவார்கள். மிச்சம் எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும், ஆரம்பித்தது நல்ல நேரத்தில்தானே. வேடிக்கை என்னவென்றால் சட்டமும் கொஞ்சம் இவர்கள் பக்கம்தான். பதிவுச் சட்டம் 1908, பிரிவு 47-இன்படி, பதிவான பத்திரம் செல்லுபடியாவது பதிவு செய்த நேரத்திலிருந்து அல்ல, பதிவே தேவைப்படாவிட்டால் எப்போது செல்லுபடியாகியிருக்குமோ அப்போதிலிருந்து. எழுதிக் கொடுத்த நாளுக்குப் பின்னோக்கிப் போகும். எழுதிக் கொடுத்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவந்தால் போதும். இதெல்லாம் தெரியாமலேயே நம் ஜனங்கள் அதற்கேற்ற மாதிரி நடந்துகொள்கிறார்கள்.

ஆனால் குளிகையில் ஒரு சிக்கல் உண்டு. குளிகை நேரத்தில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால் அடமானப் பத்திரம் எழுத வருபவர்கள் அதைத் தவிர்ப்பார்கள், கிரயம் வாங்க வருபவர்கள் அதையே கேட்டு வாங்குவார்கள். மேலும் மேலும் நிலம் சேருமே. சரி, அதே மேஜையில் எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறாரே விற்பவர், அவருக்கு? அவர் மேலும் மேலும் விற்க வேண்டியதுதானா? ஒரு கிரயப் பத்திரத்தில் குறைந்தது இரண்டு ஜாதகம் இருக்கிறது. ஒரே நிமிடம் ஒருவருக்கு வளர்பிறை, இன்னொருவருக்குத் தேய்பிறை. 23 வருடத்தில் விற்க வந்த ஒருவர்கூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. விற்கும் நிலைமைக்கு வந்தவருக்கு நேரம் பார்க்கும் தெம்பு இருப்பதில்லை என்று நினைக்கிறேன்.

இனி ராசிபலன். நான் மேஷம். வீட்டில் நகைக்கடை கொடுத்த காலண்டர், அலுவலகத்தில் இது. ஜனவரியில் ஒரு நாள் வீட்டுத் தாளில் மேஷத்துக்கு 'நஷ்டம்' என்று பார்த்துவிட்டு வந்தேன், அலுவலகத் தாளில் 'லாபம்' என்று இருந்தது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பஸ்ஸில் நாற்பது நிமிடம். அதற்குள் மாறிவிட்டதே என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கே தெரியாமல் 'லாபம்' பக்கம்தான் சாய்ந்தேன். அத்தையிடம் சொன்னபோது, "நாம காசு குடுத்து வாங்குனதுதான் நமக்குப் பலிக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது. காலையில் பலனைப் பார்க்காமல், சாயங்காலம் கடையைப் பூட்டும்போது பார்ப்பது. பிப்ரவரியில் தொடங்கி மூன்று மாதம் செய்தேன். தாளைக் காலையில் கிழிப்பேன், ஆனால் அடிப்பக்கத்தை ஒரு கிளிப்பால் மடித்து வைத்துவிடுவேன். பார்ட்டிகள், "என்னம்மா, ராசிபலனைக் காணோம்?" என்று கேட்டால், "அச்சாகல" என்று சொல்லிவிடுவேன்.

முதல் வாரம் எனக்குப் புல்லரித்துவிட்டது. எல்லாம் பலித்தது. 'பகை' என்று இருந்த நாளில் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு ஒரு அம்மாவோடு வாய்த்தகராறு. 'பரிசு' என்று இருந்த நாளில் பார்ட்டி ஒருவர் தன் தோட்டத்து மாங்காய் நாலு கொடுத்திருந்தார். 'பயம்' என்று இருந்த நாளில், சாயங்காலம் யோசித்துப் பார்த்தால், மகள் போனை எடுக்காத பத்து நிமிடம் இருந்தது. இரண்டாவது வாரம் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தேன். எழுத்தை உற்றுப் பார்த்துக் 'கவலை' என்று படித்தேன். ஆமாம், கவலைதான், கரண்ட் பில் கட்டவில்லை. மறுநாள் கண்ணாடியோடு பார்த்தால் அது ரிஷபத்தின் வரி. என்னுடையது 'மகிழ்ச்சி'. அதுவும் சரிதான். மத்தியானம் பேரனின் முதல் அடி வீடியோ வந்திருந்தது.

அன்று முதல் பன்னிரண்டு சொல்லையும் எனக்கே பார்க்க ஆரம்பித்தேன். வரவு, செலவு, பகை, ஆர்வம், தடங்கல், அமைதி, போட்டி, இரக்கம். எதை எடுத்தாலும் அந்த நாளுக்குள் எங்கேயோ இருந்தது. சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமைக்குள் பன்னிரண்டு ராசிக்கும் இடம் இருக்கிறது. காலையில் ஒரு சொல்லைக் கையில் கொடுத்து அனுப்பினால் நாள் முழுக்க அந்த ஒன்றைத்தான் பொறுக்கிக்கொண்டு வருகிறோம், அவ்வளவுதான்.

இதோடு விட்டிருந்தால் நானும் பகுத்தறிவுப் பேச்சாளர் ஆகியிருப்பேன். என்னை உறுத்தியது வேறொன்று. காலையில் பார்த்த மாதங்களில் 'தடங்கல்' என்று இருந்தால் நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். சர்வர் மெதுவாக இருந்தால் மறுபடி முயற்சி செய்ய மாட்டேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் டீக்குப் போய்விடுவேன். காலண்டரிலேயே போட்டிருக்கிறதே என்று மனதுக்குள் ஒரு நிம்மதி. அது தண்டனைபோல வரவில்லை, விடுமுறைபோல வந்தது. விதியை நம்புகிறவர்கள் பயந்து நம்புகிறார்கள் என்று சொல்வார்கள். என் அனுபவத்தில் பாதி நேரம் சோம்பலில்தான் நம்பினேன்.

சொற்களை நன்றாகப் பாருங்கள். எல்லாம் ஒரே ஜாதி இல்லை. 'வரவு', 'பரிசு', 'பாராட்டு' எல்லாம் யாராவது கொடுக்க வேண்டியவை. 'பயம்', 'கவலை', 'சினம்' எனக்குள்ளே கிளம்புபவை. 'பொறுமை', 'நிதானம்', 'உழைப்பு' என்று போடுகிறார்களே, அது பலனா, புத்திமதியா? எனக்கு அடிக்கடி வந்தது 'முயற்சி'. இதில் மாட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன். இன்று நான் முயற்சி செய்வேன் என்று எழுதியிருந்தால், செய்வது நானா, எழுத்தா? நான் வேண்டுமென்றே சும்மா உட்கார்ந்துவிட்டால் விதியை ஜெயித்துவிட்டேனா? ஐயாவிடம் கேட்டேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, "உக்காந்து பாரேன். சாயங்காலம் மூணு பத்திரம் பாக்கி நிக்கும். அப்ப யாரு ஜெயிச்சாங்கன்னு தெரியும்" என்றார்.

ஜூன் மாதக் கதைக்கு வருகிறேன். குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டு, திங்களும் செவ்வாயும் லீவு போட்டு, புதன்கிழமை வந்தேன். தேங்கியிருந்த தாள்களைக் கிழித்தேன். அவசரத்தில், ஈரக் கையில், ஒன்று கூடுதலாக வந்துவிட்டது. சுவரில் வியாழக்கிழமை.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு கணவன் மனைவி, சொந்த ஊரில் மூன்றரை சென்ட் வாங்க வந்திருந்தார்கள். சர்வர் தகராறில் டோக்கன் தள்ளிக்கொண்டே போனது. "அக்கா, நேரம் எப்படி இருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டாள். நான் சுவரைப் பார்த்தேன். கௌரி நல்ல நேரம் 12.15 முதல் 1.15. "அருமையான நேரம், போயி போடுங்க" என்று அனுப்பினேன். புகைப்படம், விரல் ரேகை எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது.

புதன்கிழமை 12 முதல் 1.30 ராகு காலம். 'திருநாள் சந்தடியில் வெளியில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா' என்று சின்ன வயதிலேயே மனப்பாடம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் சுவரில் வியாழன் என்று இருந்ததால் எனக்கும் அன்று வியாழன். சாயங்காலம் போனில் தேதியைப் பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் கிளிப் போட்டு ஆராய்ச்சி செய்தவள்தானே, தைரியமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டுத் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போட்டுவிட்டு வந்தேன். மூன்றிலிருந்து நாலரைக்குள், அதாவது ராகு காலத்தில். ராகு காலத்தில் செய்த தப்புக்குப் பரிகாரமும் ராகு காலத்தில்தான். எனக்காக என்றால் போயிருக்க மாட்டேன். இன்னொருத்தி என் வாயை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்பதுதான் உறுத்தியது. நம்பிக்கை இல்லாதவளுக்கு இது எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அந்த நேரத்துக்குக் கணக்கு என்ன என்பதையும் பிறகு பார்த்தேன். சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கு. ஆறுக்கு ஆறு என்று வைத்துக்கொண்டதால்தான் சரியாக ஒன்றரை மணி நேரம் வருகிறது. சென்னையில் ஜனவரியில் ஆறரைக்கு மேல் உதிக்கிற சூரியன் ஜூனில் ஆறுக்கு முன்பே வந்துவிடும். காலண்டரில் மட்டும் வருடம் முழுக்க ஒரே நேரம்தான். இந்தக் கணக்கு தெரிந்தும் எனக்கு வயிறு பிசைந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இதே வருடம் எனக்கு ஏழரைச் சனி வேறு. வந்ததா வரவில்லையா என்பதில்தான் தகராறு. பஞ்சாங்கத்தில் திருக்கணிதம், வாக்கியம் என்று இரண்டு கணக்கு உண்டு. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று சனி மீனத்துக்கு வந்தாயிற்று, மேஷத்துக்கு ஏழரை ஆரம்பம். வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026-இல்தான். திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைத்தான் பின்பற்றுகிறது, மார்ச்சில் இங்கே பெயர்ச்சி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மகளின் போனில் உள்ள ஆப் திருக்கணிதம். அத்தை வாக்கியம். கிட்டத்தட்ட ஒரு வருடம் மகள் பக்கம் எனக்குச் சனி, அத்தை பக்கம் எனக்குச் சனி இல்லை. பஞ்சாங்கங்களுக்குள் இருக்கும் குழப்பத்தைத் தீர்க்க 1952-இல் மேகநாத சாகா தலைமையில் அரசாங்கமே குழு போட்டது, 1957 முதல் தேசிய நாட்காட்டி என்று ஒன்றும் வந்தது. அது எங்கள் சுவர்வரை வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் நான் சௌகரியமாக வாழ்ந்தேன் என்பதுதான் உண்மை. கெட்டது நடந்தால் திருக்கணிதம், நல்லது நடந்தால் வாக்கியம்.

கெட்டது ஒன்று நடக்கவும் செய்தது. ஆகஸ்டில் ஒரு பத்திரம். அமிர்த யோகம், நல்ல நேரம், மேல்நோக்கு நாள், எல்லாம் பொருந்திய முகூர்த்தம். பார்ட்டி மூன்று ஜோசியரைப் பார்த்துத் தேதி குறித்து வந்திருந்தார். அதில் சர்வே எண்ணின் உட்பிரிவு 4 என்பதை நான் 9 என்று அடித்துவிட்டேன். படித்துப் பார்த்து எல்லோரும் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். பட்டா மாற்றப் போனபோதுதான் தெரிந்தது. பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டியதாயிற்று, விற்றவரை மறுபடி வரவழைத்து. செலவை ஐயா ஏற்றுக்கொண்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டில், "ஏழரை ஆரம்பிச்சிருச்சும்மா" என்றாள் மகள். அந்த நேரத்தில் அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? அப்படியே பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகியதும், சரிபார்க்காமல் பிரிண்ட் கொடுத்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. 9 சனியின் விரல் அடித்தது இல்லை.

அந்தப் பார்ட்டி தேதி பார்க்க மூன்று ஜோசியரிடம் போனவர், வில்லங்கம் போட்டுப் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐயாதான் கட்டாயப்படுத்தி முப்பது வருடத்துக்குப் போட வைத்தார், தாய்ப் பத்திரத்தைக் கேட்டு வாங்கினார். வில்லங்கம் என்ற சொல்லே எங்கள் தொழிலில்தான் பிடிபடும். நிலத்தின் மீது முன்பு யார் யார் என்னென்ன செய்து வைத்தார்கள் என்ற பட்டியல் அது, அடமானம், கிரயம், செட்டில்மென்ட் என்று. முன்வினை என்று சொல்கிறோமே, அதற்குக் கட்டணம் கட்டி நகல் வாங்கக்கூடிய ஒரே இடம் பதிவாளர் அலுவலகம்தான் என்று நான் ஐயாவிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இன்னொன்றும் உண்டு. எங்களிடம் 'விடுதலைப் பத்திரம்' என்று ஒரு வகை இருக்கிறது. சொத்தில் தன் பாகத்தை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுப்பது. பெரும்பாலும் அக்கா தங்கைகள் வந்து கையெழுத்துப் போடுவார்கள். அவர்களில் யாரும் நல்ல நேரம் கேட்டு நான் பார்த்ததில்லை, கூட வரும் அண்ணன்தான் கேட்பார்.

நவம்பரில் திருப்பூர் தம்பதி வந்தார்கள். கையில் இனிப்புப் பெட்டி. வீடு லிண்டல் வரை எழும்பிவிட்டதாம். "நீங்க பாத்துக் குடுத்த நேரம்க்கா. கடக்கால் தோண்டுனதுல இருந்து ஒரு தடங்கல் இல்ல" என்றாள் அந்தப் பெண். இரவு ஷிஃப்ட் பார்த்து, சீட்டுப் போட்டு, நகையை வைத்துக் கட்டுகிறார்கள் என்பது பேச்சுவாக்கில் வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால், நாளைக்குக் கம்பி விலை ஏறினாலும் கொத்தனார் வராவிட்டாலும் அந்தப் புதன்கிழமைதான் காரணம் என்றாகிவிடும். மைசூர்பாகை எடுத்துக்கொண்டேன். நன்றாக இருந்தது.

சரி, வாங்கலாமா என்றால், வாங்கலாம். 140 ரூபாய்க்கு நியாயமான பொருள். விசேஷ நாட்கள் சரியாக இருந்தன, பௌர்ணமி, அமாவாசை தப்பவில்லை, எழுத்துத் தெளிவு. சிவகாசியில் ஆடிப் பெருக்கு அன்றே அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்களை வெளியிட்டுவிடுவார்கள், அதனால் நவம்பரிலேயே கடைக்கு வந்துவிடும். டிசம்பர் கடைசிவரை காத்திருந்தால் சின்ன எழுத்துதான் மிஞ்சும். வாக்கியமா திருக்கணிதமா என்று கேட்டு வாங்குங்கள், வீட்டில் இரண்டு கட்சி இருந்தால் இரண்டும் வாங்கிவிடுங்கள். ஆணிக்கு உள்ள ஓட்டையைச் சுற்றி இரும்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் அட்டை ஊறிப் பிய்ந்துவிடும். காலையில் கையைத் துடைத்துவிட்டுக் கிழியுங்கள். கிழித்த பிறகு, எத்தனை தாள் வந்தது என்று ஒரு தடவை எண்ணிக்கொள்ளுங்கள்.